பிளந்ததா, வெட்டியதா, பங்கிட்டதா? பிரிவைக் குறிக்கும் லத்தீன் சொற்களைப் படிக்கும் முறை

ட்ரைஃபிட், ட்ரைபார்ட்டைட், ட்ரைசெக்ட். மூன்றையும் அகராதியில் தேடினால் ஏறக்குறைய ஒரே பொருள்தான் கிடைக்கும்: மூன்று பகுதிகளாகப் பிரிந்தது. தாவரவியல் மாணவருக்கு இந்த விளக்கம் போதாது. எக்ஸ்-ரே அறிக்கை படிப்பவருக்கும் ஒப்பந்தம் எழுதுபவருக்கும் போதாது. இச்சொற்களின் முன்பாதி எத்தனை என்று சொல்கிறது. பின்பாதி எப்படிப் பிரிந்தது என்று சொல்கிறது. நாம் முன்பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு பின்பாதியை விட்டுவிடுகிறோம். இந்த வழிகாட்டி அந்தப் பின்பாதிக்கே அதிக இடம் தருகிறது.

படி 1: சொல்லை இரண்டாக உடையுங்கள்

பெரும்பாலான சொற்கள் எண் + வினை என்ற கட்டமைப்பில் இருக்கும். பை, ட்ரை, குவாட்ரி, குவின்குவே, மல்ட்டி ஆகியவை முறையே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, பல. எண்ணுக்குப் பதில் வடிவமும் வரலாம்: பின்னாட்டி என்றால் சிறகு போல, பால்மாட்டி என்றால் உள்ளங்கை போல. எண்ணையோ வடிவத்தையோ கழித்தபின் எஞ்சுவது ஃபிட், பார்ட்டைட், செக்ட், லோபேட் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். அதுதான் வினை. லோபேட் மட்டும் வினையன்று. மடல் என்னும் பொருளுள்ள கிரேக்க லோபோஸ் லத்தீனுக்குள் வந்து உண்டானது.

படி 2: வினைக்கு நேரான தமிழ் வினையைப் பிடியுங்கள்

பிரித்தல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் வேறுபாடு மறைந்துவிடும். தமிழில் விறகைப் பிளக்கிறோம், கரும்பை வெட்டுகிறோம், சொத்தைப் பங்கிடுகிறோம், தேங்காயை உடைக்கிறோம், துணியைக் கிழிக்கிறோம். லத்தீனிலும் இந்த ஐந்துக்கும் ஐந்து வினைகள் உண்டு.

ஃபிந்தெரே என்றால் பிளத்தல். இதன் இறந்தகால எச்ச வடிவம் ஃபிஸ்ஸும். ஃபிஷன், ஃபிஷர், பிளவைக் குறிக்கும் எல்லா ஃபிட் சொற்களும் இதிலிருந்து வந்தவை. பிளவு என்றால் ஒரு முனையில் தொடங்கி உள்ளே போகிறது, மறுமுனை பெரும்பாலும் ஒட்டியே இருக்கிறது. பாம்பின் நாக்கு பிஃபிட். அடிநாக்கு ஒன்றுதான், நுனி மட்டும் இரண்டு. 1939இல் இயற்பியலாளர்கள் லீசே மைட்னரும் ஓட்டோ ஃப்ரிஷ்ஷும் யுரேனியம் அணுக்கரு இரண்டாவதை விளக்கியபோது, ஒரு செல் இரண்டாவதற்கு உயிரியலார் வைத்திருந்த ஃபிஷன் என்ற சொல்லை ஃப்ரிஷ் எடுத்துக்கொண்டார். தமிழில் அதை அணுக்கருப் பிளவு என்றே சொல்கிறோம். வினை மாறாமல் வந்திருக்கிறது.

ஸ்கிந்தெரே என்றால் கிழித்தல், பிய்த்தல். ஆங்கிலத்தில் இதன் வழி வந்த சொற்கள் குறைவு. ஒரு சட்டத்தையோ ஒப்பந்தத்தையோ ரத்து செய்வதைக் குறிக்கும் ரிசிண்ட் அவற்றுள் ஒன்று. கிரேக்கத்தில் இதன் உறவு ஸ்கிட்ஸெய்ன். ஸ்கிட்ஸோஃப்ரீனியாவின் முதல் பாதி அதுதான்.

தமிழ் வாசகருக்கு இந்த இரண்டு வினைகளையும் நினைவில் வைக்க ஒரு சுருக்குவழி உண்டு. ஃபிந்தெரேயும் சமஸ்கிருதத்தின் பித் என்ற வேரும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். ஸ்கிந்தெரேயும் சித் என்ற வேரும் அப்படியே. பித் வேரிலிருந்து பின்னம், பேதம். சித் வேரிலிருந்து சின்னம், சேதம். சிரச்சேதத்தில் வரும் சேதம் அதுதான். அடையாளம் என்ற பொருளில் வரும் சின்னம் வேறு சொல், அதைக் கலக்க வேண்டாம். ஆகவே சின்னாபின்னம் என்று நாம் அன்றாடம் சொல்வதில் ஸ்கிந்தெரேயின் உறவும் ஃபிந்தெரேயின் உறவும் அடுத்தடுத்து நிற்கின்றன. கணக்கு வகுப்பின் பின்னமும் பாம்பு நாக்கின் பிஃபிட்டும் ஒரே குடும்பம். ஆனால் பின்னாட்டிஃபிட் என்ற சொல்லில் உள்ள பின்னா பின்னத்தோடு தொடர்புடையதன்று. அது சிறகு என்னும் லத்தீன் சொல். ஒலி ஏமாற்றும் இடம் இது: பின்னத்தின் உறவு அந்தச் சொல்லின் தலையில் இல்லை, வாலில் இருக்கிறது.

செகாரே என்றால் வெட்டுதல், அறுத்தல். இறந்தகால எச்ச வடிவம் செக்டும். செக்ஷன், செக்டர், பைசெக்ட், டிசெக்ட் எல்லாம் இதன் பிள்ளைகள். செக்மென்ட்டும் இதுவே, செக்மென்டும் என்பதில் இருந்த க் ஒலி மென்மையாகி செக்மென்ட்டின் இன்றைய வடிவம் வந்தது. இன்செக்ட்டும் இதன் வழிதான். உடலில் வெட்டுக்குறிகள் உள்ள உயிர் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லை லத்தீனில் அப்படியே ஆக்கிக்கொண்டார்கள். வெட்டு என்பது முழுதாகத் துண்டாவது. கத்தி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது.

பார்ட்டீரே என்றால் பகுத்தல், பங்கிடுதல். பார்ஸ் என்ற பெயர்ச்சொல்லில் இருந்து பிறந்தது. இதில் கத்தியே கிடையாது. ஒன்றுக்குப் பகுதிகள் இருக்கின்றன அல்லது பங்குதாரர்கள் இருக்கிறார்கள் என்ற நிலையை மட்டும் சொல்கிறது. பார்ட்டிக்கிள், பார்சல், பார்ட்டி, பார்ட்டிஷன், டிபார்ட்மென்ட் எல்லாம் இந்த வீட்டுக்காரர்கள். ஐந்து வினைகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். அதற்குக் காரணம் படி 6இல் வருகிறது.

ஃப்ராங்கெரே என்றால் உடைத்தல். ஃப்ராக்ஷன், ஃப்ராக்சர், ஃப்ராக்மென்ட், ஃப்ரஜைல். உடைந்ததற்கு ஒழுங்கான விளிம்பு இராது. அப்படியிருக்க, ஒழுங்கான கணக்குக்கு ஃப்ராக்ஷன் என்ற பெயர் எப்படி வந்தது? அரபு கணித நூல்களில் பின்னத்துக்குக் கஸ்ர் என்று பெயர். அதன் பொருள் உடைத்தல். அவற்றை லத்தீனுக்குக் கொண்டுவந்தவர்கள் ஃப்ராக்ட்டியோ என்று நேராக வைத்துவிட்டார்கள். 1975இல் கணிதவியலாளர் மாண்டெல்ப்ரோ ஃப்ராக்டல் என்ற சொல்லை உண்டாக்கியபோது, உடைந்தது என்னும் பொருளுள்ள ஃப்ராக்டுஸ் என்பதற்குத் திரும்பிப் போனார். கரடுமுரடான விளிம்பைப் பற்றிய கணிதத்துக்கு அது பொருந்திய தேர்வு.

கைதெரேயை இங்கே விரைவாகக் கடந்துவிடலாம். வெட்டிச் சாய்த்தல், செதுக்குதல் என்று பொருள். இன்சைஸ், இன்சைசர் என்ற வெட்டுப்பல், ஹோமிசைட் போன்ற கொலைச் சொற்கள் இதில் அடங்கும். டிசைட் என்பதும் இதுவே: இழுபறியை வெட்டி முடித்தல்.

திவிதெரே தனிக் கவனம் கேட்கிறது. திஸ் என்பது விலகல். அதற்குப் பின் வரும் விதெரே தனித்து வழங்கவில்லை. அதே வேரில்தான் கணவனைப் பிரிந்தவள் என்னும் லத்தீன் விதுவா இருக்கிறது. நமக்குப் பழக்கமான விதவை அதன் சமஸ்கிருத உடன்பிறப்பு. டிவைடின் அடியில் உள்ள எண்ணம் வெட்டு அன்று, பிரித்து வைத்தல். சேர்ந்திருந்தவை விலகுகின்றன. எதிர்ப்பக்கத்தில் இன்திவிதுவுஸ் என்றால் பிரிக்க முடியாதது. அணுவைக் குறிக்கும் கிரேக்க அட்டோமோஸுக்கு லத்தீனில் ரோம எழுத்தாளர் சிசரோ இதையே கையாண்டார். தனிமனிதரைக் குறிக்கும் இண்டிவிஜுவல் அங்கிருந்து வந்தது. பங்குச் சந்தையின் டிவிடெண்ட் என்பது திவிதெந்தும், அதாவது பிரித்துத் தரப்பட வேண்டியது. அறிவித்த நாளிலேயே கைக்கு வராமல் இருப்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

படி 3: எண் எதைத் தொடுகிறது என்று பாருங்கள்

எண் பெரும்பாலும் பகுதிகளின் எண்ணிக்கை. எப்போதும் அல்ல.

பைபின்னாட்டிஃபிட் என்ற சொல்லைக் கண்டவுடன் இரண்டு பிளவு என்று எழுதுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்வது. இங்கே பை எண்ணுவது தடவையை. இலை ஒருமுறை சிறகுபோலப் பிளந்திருக்கிறது, ஒவ்வொரு மடலும் மறுபடி சிறகுபோலப் பிளந்திருக்கிறது. சாலையோரம் எங்கும் முளைத்திருக்கும் பார்த்தீனியத்தின் கீழ் இலையைப் பறித்துப் பார்த்தால் போதும்.

டெர்னேட் என்பதில் வரும் எண் மும்மூன்று என்ற பகிர்வு எண். வில்வ இலை ஒருமுறை மும்மூன்று, ஆகவே மூன்று சிற்றிலை. முடக்கத்தான் பைடெர்னேட். அதை ஆறு என்று கணக்கிடக் கூடாது. மும்மூன்று இருதடவை, அதாவது ஒன்பது சிற்றிலை.

டிசெக்ட் என்பதைப் பலர் டைசெக்ட் என்று உச்சரித்து, இரண்டாக வெட்டுதல் என்று பொருள் கொள்கிறார்கள். அதில் உள்ளது திஸ். எழுத்தில் இரண்டு எஸ் இருப்பதே அடையாளம். துண்டு துண்டாக விலக்கி வெட்டுதல் என்பதுதான் பொருள். பைசெக்டில் ஒரு எஸ்தான்.

பைசெக்ட் பற்றி இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் இதைக் கோண இருசமவெட்டி என்று படித்தோம். லத்தீன் சொல்லில் சமம் என்பதற்கு எழுத்தே இல்லை. இரண்டாக வெட்டு, அவ்வளவே. சமம் என்ற கட்டாயம் வடிவியலில் இருந்து வருகிறது, தமிழ்க் கலைச்சொல் அதை வெளிப்படையாக எழுதிவிட்டது. நல்ல வேலைதான். ஆனால் அந்தச் சமத்தை வேறு துறைக்குத் தூக்கிக்கொண்டு போனால் தப்பாகும். இலையின் மூன்று மடல்களில் நடுமடல் மட்டும் இருமடங்கு நீளமாக இருந்தாலும் அது ட்ரைஃபிட்தான்.

படி 4: இலையில் அளந்து பாருங்கள்

வினைகளின் வேறுபாட்டை அளவுகோலாகவே மாற்றிய துறை தாவரவியல். இலைப்பரப்பின் விளிம்பில் இருந்து நடுநரம்பு நோக்கி வெட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதே கேள்வி. மடல் மட்டும் தெரிந்தால் லோபேட். பாதிவரை பிளந்தால் ஃபிட். பாதியைத் தாண்டி அடியை நெருங்கினால் பார்ட்டைட். நடுநரம்பையோ காம்பு சேரும் இடத்தையோ தொட்டுவிட்டால் செக்ட். பிளவு பாதியில் நிற்கும், வெட்டு முடிவுவரை போகும் என்ற வினைப்பொருளை நினைத்துக்கொண்டால் வரிசையைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

அளக்கும் முறை இதோ. ஒரு செடியில் தண்டின் நடுப்பகுதியில் இருந்து முதிர்ந்த இலைகள் ஐந்தாவது எடுங்கள். வேரடியில் உள்ளதும் பூங்கொத்துக்கு அருகில் உள்ளதும் வேண்டாம். இலையைச் செய்தித்தாளுக்கிடையில் வைத்துத் தட்டையாக்குங்கள். மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் வெட்டின் அடி மறைந்து, ஆழம் குறைவாகத் தெரியும்.

உள்ளங்கை வடிவ இலையில் காம்பு சேரும் புள்ளியில் இருந்து அளக்க வேண்டும். ஆமணக்கில் காம்பு விளிம்பில் சேராமல் இலையின் உட்பக்கத்தில் சேரும். அங்கேயும் அந்தப் புள்ளிதான் தொடக்கம். அடுத்தடுத்த இரண்டு மடல்களின் நுனிவரை உள்ள நீளத்தை எடுத்துச் சராசரி காணுங்கள். பிறகு அதே புள்ளியில் இருந்து அவற்றுக்கிடையிலுள்ள வெட்டின் அடிவரை அளந்துகொள்ளுங்கள். மடல்கள் 82 மி.மீ., 78 மி.மீ. என்றால் சராசரி 80. வெட்டின் அடி 44 மி.மீ. தூரத்தில் இருந்தால் ஆழம் 36. 80க்கு 36 என்பது 45 சதவீதம். இது பால்மாட்டிஃபிட். வெட்டின் அடி 20 மி.மீ. தூரத்தில் இருந்தால் ஆழம் 60, அதாவது 75 சதவீதம். இது பால்மாட்டிபார்ட்டைட். சிறகு வடிவ இலையில் புள்ளிக்குப் பதில் நடுநரம்பில் இருந்து அளக்க வேண்டும், மடல் போகும் திசையிலேயே. நேர் செங்குத்தாக அளந்தால் சாய்ந்த மடல்களின் நீளம் குறைந்து வரும்.

நம் ஊர்ச் செடிகளில் பருத்தியும் வெண்டையும் பால்மாட்டிஃபிட்டுக்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டுகள். ஆமணக்கும் பப்பாளியும் பார்ட்டைட். மரவள்ளி, வேலிகளில் படரும் ரயில்கொடி ஆகியவை செக்ட். சிறகு வடிவில் பிரமதண்டு ஃபிட், முள்ளங்கி பார்ட்டைட், ஊசியாகப் பிரிந்த இலையுடைய மயில்மாணிக்கம் செக்ட்.

எல்லைக்கோடு நூலுக்கு நூல் கொஞ்சம் நகரும். சிலர் பாதிக்குக் குறைந்த எல்லாவற்றையும் லோபேட் என்பார்கள், சிலர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே உள்ளதை மட்டும். அதனால் குறிப்பேட்டில் சொல்லை மட்டும் எழுதாமல் சதவீதத்தையும் எழுதுங்கள். சொல் வாதத்துக்கு உரியது, 45 என்ற எண் வாதத்துக்கு உரியதன்று.

செக்டுக்கும் கூட்டிலைக்கும் இடையில்தான் அதிகத் தடுமாற்றம். கூட்டிலையில் ஒவ்வொரு சிற்றிலைக்கும் அடியில் ஒரு கணுவோ குட்டிக் காம்போ இருக்கும். காய்ந்தால் சிற்றிலைகள் தனித்தனியே உதிரும். செக்ட் இலையில் மடலின் அடியில் பச்சைத் தசை மெல்லிய இழையாக நடுநரம்பை ஒட்டி ஓடும். ஒரு மடலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சுத்தமாகக் கழன்று வந்தால் சிற்றிலை, கிழிந்து வந்தால் மடல். வேப்பிலை, முருங்கை இலைகளை முதலில் இழுத்துப் பழகிவிட்டு மரவள்ளிக்கு வந்தால் கைக்கே வித்தியாசம் தெரியும்.

வயதும் ஏமாற்றும். பலாவின் முதிர்ந்த இலையில் மடல்கள் இல்லை, ஆனால் கன்றின் இலையிலும் வெட்டிய இடத்தில் துளிர்க்கும் கிளையிலும் மடல்கள் காணப்படும். கொத்தமல்லியில் சந்தையில் நாம் வாங்கும் கீழ் இலை அகன்று மடல்களோடு இருக்கும். பூக்கும் தண்டின் மேல் இலை நூல்நூலாகப் பிரிந்துவிடும். எந்த இலையை அளந்தீர்கள் என்று எழுதாத அளவு பயன்படாது.

படி 5: அறிவியல் பெயரில் இச்சொல் வந்தால்

முதலில் ஈற்றைப் பாருங்கள். ஒரே சொல் பாலுக்கேற்ப அஸ், ஆ, அம் என மாறும். தூதுவளை சோலனம் ட்ரைலோபேட்டம். பேரினப் பெயர் அஃறிணைப் பால், ஆகவே அம். நரிப்பயறு விக்னா ட்ரைலோபேட்டா. பேரினப் பெயர் பெண்பால், ஆகவே ஆ. ஈழத்தில் ஈரப்பலா என்றும் தமிழ்நாட்டில் கறிப்பலா என்றும் சொல்லும் மரத்துக்கு ஆர்ட்டோகார்ப்பஸ் இன்சைசா, இன்சைசஸ் என்று பழைய நூல்களில் இருவிதமாகவும் காணலாம். கைதெரேயின் வெட்டுதான் இரண்டிலும். ஈறு மாறினால் வேறு செடி என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து, எந்த உறுப்பைப் பற்றிய பேச்சு என்று கேளுங்கள். தூதுவளையில் மடல் இலைக்கு. நரிப்பயறின் இலையே மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை. மும்மடல் என்ற அடைமொழி ஒவ்வொரு சிற்றிலைக்கும். பெயரில் மூன்று, இலையில் மூன்று, சரியாகப் போயிற்று என்று நின்றுவிட்டால் சொல்லைப் படித்ததாக ஆகாது. ஐரோப்பாவின் ஈரநிலச் செடி பைடென்ஸ் ட்ரைபார்ட்டிட்டாவில் இரண்டும் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டு பல் கனியின் நுனிமுட்களுக்கு, மூன்று பகுதி இலைக்கு.

பெயரை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஜட்ரோபா மல்ட்டிஃபிடா போதும். காட்டாமணக்கு இனத்தைச் சேர்ந்த அலங்காரச் செடி. 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். ஃபிடா என்றிருந்தாலும் இலை ஏறக்குறைய அடிவரை பிரிந்தது. படி 4இன்படி அளந்தால் அது ஃபிட் ஆகாது. பலவாகப் பிளந்தது என்ற பொதுப்பொருளில் வைத்த பெயர் அது. பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பெயரை மாற்றத் தாவரப் பெயரிடல் விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே செடியின் விளக்கக் குறிப்பில் வரும் ஃபிட் என்பதை அளவாகப் படியுங்கள், பெயரில் வரும் ஃபிட் என்பதைப் பெயராகப் படியுங்கள்.

படி 6: மருத்துவமும் சட்டமும்

மருத்துவத்தில் ஃபிட் என்றால் பிளவு, பெரும்பாலும் பிறவிப் பிளவு. ஸ்பைனா பிஃபிடாவில் முதுகெலும்பின் பின்வளைவு கருவில் முழுதாக மூடிக்கொள்ளாமல் இரு பக்கமும் விலகி நிற்கிறது. உண்மையில் அங்கே எதுவும் பிளக்கவில்லை, சேர வேண்டியது சேரவில்லை. சொல் தோற்றத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. 1899இல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் ஹென்றி டிசியே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கண்ட நுண்ணுயிர் ஆங்கில ஒய் எழுத்துப்போலக் கவைத்திருந்ததால் பிஃபிடஸ் ஆனது. இன்று தயிர்க் கிண்ணங்களில் அச்சிடும் பிஃபிடோபாக்டீரியம் அதன் வழிவந்த பெயர்.

பார்ட்டைட்டைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை முழங்கால் எக்ஸ்-ரேயில் பார்க்கலாம். பைபார்ட்டைட் பட்டெல்லா என்று அறிக்கையில் வந்தால் முழங்கால் சில்லு உடைந்துவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். உடைந்திருந்தால் ஃப்ராக்சர் என்று எழுதியிருப்பார்கள். அது ஃப்ராங்கெரேயின் சொல். பைபார்ட்டைட் என்றால் எலும்பு வளரும்போதே இரண்டு பகுதிகளாக உருவாகி ஒன்றுசேராமல் நின்றது. தனித்துண்டு பெரும்பாலும் சில்லின் மேல்-வெளி மூலையில் இருக்கும், விளிம்பு வழவழப்பாக வளைந்திருக்கும். புது முறிவின் விளிம்பு கூராக, ஒன்றோடொன்று பொருந்துவதாக இருக்கும். ஐயம் வந்தால் மறு காலையும் படம் எடுத்து ஒப்பிடுவது வழக்கம். ஆனால் ஒரு காலில் மட்டும் இருப்பதும் உண்டு. முடிவு மருத்துவருடையது. சொல்லைக் கண்டவுடன் பதற வேண்டாம் என்பது மட்டுமே இங்கே வினை தரும் உதவி.

சட்டத்தில் ட்ரைபார்ட்டைட் ஒப்பந்தத்தை முத்தரப்பு ஒப்பந்தம் என்கிறோம். வீடு வாங்குபவர், கட்டுநர், வங்கி மூவரும் கையெழுத்திடுவது. எதுவும் மூன்றாக வெட்டப்படவில்லை, மூவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. தரப்பு என்று மொழிபெயர்த்தவர்கள் பார்ஸின் பொருளைச் சரியாகப் பிடித்தார்கள். முப்பகுதி ஒப்பந்தம் என்று எழுதியிருந்தால் மூன்று அத்தியாயம் உள்ள பத்திரம் என்றாகியிருக்கும். பழைய ஐரோப்பிய வழக்கத்தில் ட்ரைபார்ட்டைட் பத்திரம் என்றால் ஒரே தோலில் மூன்று படிகள் எழுதி, தரப்புக்கு ஒன்றாக வெட்டிக் கொடுத்ததையும் குறிக்கும். வெட்டு நேராக இராது, பல்பல்லாக இருக்கும். பின்னால் பொருத்திப் பார்த்தால் போலிப் படி அகப்பட்டுவிடும். பல் என்னும் லத்தீன் தென்ஸ் வழியாக அதற்கு இண்டென்ச்சர் என்று பெயர் வந்தது. மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும் தமிழர்களைக் கப்பலேற்றிய ஒப்பந்தக் கூலி முறையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது இதே பல்வெட்டுதான்.

படி 7: பன்னிரண்டும் அறுபதும்

பகுதிப் பெயர்களில் சில வினையே இல்லாமல் எண்ணிலிருந்து நேராகப் பிறந்தவை. ரோமர்கள் அஸ் என்னும் முழு அளவைப் பன்னிரண்டு உன்கியாக்களாகப் பிரித்தார்கள். உன்கியா என்றால் பன்னிரண்டில் ஒன்று. அடி என்னும் நீள அளவில் அது இஞ்ச் ஆனது, எடையில் அவுன்ஸ் ஆனது. இன்றைய சாதாரண அவுன்ஸ் பவுண்டில் பதினாறில் ஒன்று என்பதால் பெயரும் அளவும் பொருந்தாது. தங்கத்துக்கான ட்ராய் பவுண்டில் மட்டும் பன்னிரண்டு என்ற கணக்கு நிற்கிறது. ஆறில் ஒன்று செக்ஸ்டன்ஸ். கப்பலில் விண்மீன் உயரம் அளக்கும் செக்ஸ்டன்ட்டின் வில் வட்டத்தில் ஆறில் ஒன்று, அதாவது 60 பாகை. கண்ணாடி கோணத்தை இரட்டிப்பாக்குவதால் அது 120 பாகைவரை அளக்கும். எட்டில் ஒன்றான ஆக்டன்ட்டுக்கு வில் 45, அளவு 90.

மினிட்டும் செகண்டும் இந்தக் குடும்பம்தான். பாகையை அறுபதாகப் பிரித்தால் பார்ஸ் மினூட்டா ப்ரீமா, முதல் சிறு பகுதி. அதை மறுபடி அறுபதாகப் பிரித்தால் பார்ஸ் மினூட்டா செகுந்தா, இரண்டாம் சிறு பகுதி. முதலதில் சிறு என்பதும் இரண்டாவதில் இரண்டாம் என்பதும் மட்டும் எஞ்சி, பகுதி என்ற சொல் இரண்டிலும் உதிர்ந்துவிட்டது.

படி 8: வேடமிட்டு வருபவர்களை விலக்குங்கள்

எழுத்து ஒத்திருப்பதால் உறவு என்று முடிவுகட்டினால் சறுக்கும் இடங்கள் சில. மதப்பிரிவைக் குறிக்கும் செக்ட் செகாரேயின் பிள்ளையன்று. பின்பற்றுதல் என்னும் செக்வீயில் இருந்து வந்தது. மதத்தில் இருந்து வெட்டுண்ட கூட்டம் என்று மேடையில் விளக்கம் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் சரியன்று. போனஃபைட், ஃபிடெலிட்டி ஆகியவற்றின் ஃபிட் நம்பிக்கை என்னும் ஃபிதேஸ். பிளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரசவத்தைக் குறிக்கும் பார்ட்டுரிஷனில் இருப்பது பார்ஸ் அன்று, ஈனுதல் என்னும் பரெரே.

கத்தரிக்கோலுக்கான ஆங்கிலச் சொல்லில் நேர்ந்தது வேறு விதம். அது கைதெரேயில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் அதன் தொடக்கத்தில் எஸ்ஸும் சியும் சேர்ந்து வரவில்லை. ஸ்கிந்தெரேயின் வழிவந்தது என்று பிற்காலத்தில் எழுதுவோர் நினைத்துக்கொண்டு எஸ்ஸையும் சியையும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். உச்சரிப்பில் வேலையில்லாத அந்தச் சி இன்றும் எழுத்துக்கூட்டலில் நிற்கிறது.

கிரேக்க வழிவந்தவற்றை அடையாளம் காண்பது எளிது. டோம், டோமி, ஸ்கிட்ஸோ, மெர் என்று வந்தால் கிரேக்கம். எண்ணும் டை, ட்ரை, டெட்ரா, பென்டா என்று வரும். டைக்காட்டமி கிரேக்கம், பைசெக்ட் லத்தீன். ட்ரை இரண்டுக்கும் பொது என்பதால் அங்கே மட்டும் பின்பாதியைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். புதுச்சொல் ஆக்க வேண்டி வந்தால் டெட்ராஃபிட், பென்டாபார்ட்டைட் என்று கலக்காமல் குவாட்ரிஃபிட், குவின்குவெபார்ட்டைட் என்று ஒரே மொழியின் எண்ணையும் வினையையும் சேர்ப்பதே வழக்கு.